கரடிக்குள் இருந்தவர்

எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு மாடி வந்தது ஒரு பொய்யால்தான். அந்த வீட்டுப் பெண் அப்போது இரண்டாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "எங்க வீட்ல மாடி இருக்கு, உங்க வீட்ல?" என்று கேட்டிருக்கிறாள். இவள் காதுவரை சிவந்துபோய், "எங்க வீட்லயும் இருக்கே" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தபோது வீட்டுக்கு மாடி இருந்தது. பக்கவாட்டில் படிக்கட்டு, மேலே ஓர் அறை, அதன் மூலையில் நாள்பட்ட ஒட்டடைகூட இருந்தது. தெருவே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியது. வீட்டின் சொந்தக்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல் அடுத்த மாதமே வாடகையை ஏற்றினார். கண்ணெதிரே நிற்கிற மாடியைச் சும்மா விடுவாரா மனுஷன்!

பெண்ணின் அப்பா ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். வாய் ஓயாத ஆள். "என் பொண்ணு வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்று அவளை மடியில் வைத்துக்கொண்டு, கார் இருக்கிறது, கிணறு இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லவைத்துப் பார்த்தார். அவளும் சமர்த்தாக ஒப்பித்தாள். அவருடைய சைக்கிளுக்கு ஒரு மணிகூடப் புதிதாக வரவில்லை. ஆசைக்குச் சொன்னால் பலிக்காது, வெட்கம் பிடுங்கித் தின்னும்போது தன்னையறியாமல் வாயில் வந்தால்தான் பலிக்கும் என்பது அவர்களுக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. புரிந்ததும் நல்லவிதமாக இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், சீருடை கிழிந்து மாற்று இல்லாததால் அவள் பள்ளிக்குப் போகவில்லை. மறுநாள் டீச்சர் எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்கவைத்துக் காரணம் கேட்டார். "பெரியம்மா இறந்துட்டாங்க டீச்சர்" என்றாள். ஊரில் எந்தப் பிள்ளை சொல்லாத பொய் அது? வீடு திரும்பினால், செய்தி சொல்ல வந்த ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். குத்துக்கல் மாதிரி இருந்த பெரியம்மா முந்தின நாளே இறந்துபோயிருந்தாள்.

அம்மா அவளை அடிக்கவில்லை. கூடப் பிறந்த அக்காவுக்காக அழுது ஓய்ந்த பிறகு, "இனிமே வாயத் திறக்காதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அப்பாதான் குறுக்கே வந்தார். "அவ வாய மூடி என்ன ஆகப்போகுது? வெட்கப்படுற நெலம அவளுக்கு வராமப் பாத்துக்கணும். அது என் பொறுப்பு" என்றார். சொன்னபடியே, சாயங்காலத்துக்கு இன்னொரு வேலை பிடித்தார். கடைவீதியில் பெரிய துணிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கையாட்டுகிற வேலை. உள்ளே அடுப்புக்குள் நிற்பது போலத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து பனியனைப் பிழிந்தால் வேர்வை சொட்டும். அந்தக் காசில் பெண்ணுக்கு நல்ல பை வந்தது, நல்ல உடுப்பு வந்தது. காலேஜுக்குத் தலை நிமிர்ந்து போனாள். அவள் பொய் ஒன்றும் பலிக்காமல் அந்த வருஷங்கள் கழிந்தன. பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

தோழிகள்தான் ஒரு நாள் சாயங்காலம் அவளை அந்தத் துணிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்களுக்கு ஒரு கை ஆட்டுகிற கரடி, இவளைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தது. இடுப்பை ஆட்டியது. அவள் பையைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பெற்ற மகளைத் தோழிகளோடு பார்த்த சந்தோஷம், வேறென்ன? தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏய், உள்ள யாருடி? உனக்குத் தெரிஞ்சவரா?" என்று ஒருத்தி கேட்டாள். இவளுக்கு முகம் எரிந்தது.

"உள்ள யாரும் இல்ல. மோட்டார் வச்ச பொம்மை."

கரடி நின்றது. பை கீழே விழுந்தது. பிறகு கிர்ரென்ற சத்தத்தோடு அதன் வலது கை மட்டும் ஆடத் தொடங்கியது, ஒரே அளவாக, ஒரே வேகத்தில். கடை முதலாளி முதுகுப்பக்க ஜிப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சம்பளம் மிச்சம் என்று மூடிவிட்டு உள்ளே போனார். அவள் அந்தக் கரடியைக் கட்டிக்கொண்டு, "இது எங்கப்பா, உள்ள எங்கப்பா இருக்காரு" என்று கத்தினாள். ஆசையில் சொன்னது அவளுக்கு என்றைக்குப் பலித்திருக்கிறது?

வீட்டில் அவள் சொல்லவில்லை. நாக்கு எழவில்லை பாவிக்கு. அம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி அலைந்தாள். ஒரு நாள் அச்சக மேனேஜரே வந்துவிட்டார். "அப்பா எங்கம்மா? சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டாரே" என்று நாலு பேர் கேட்க வாசலில் நின்று கேட்டார். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். செய்த காரியத்தை நினைத்து உடம்பு கூசியது.

"உள்ள தூங்குறாருங்க" என்றாள்.

உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது. அம்மா ஓடினாள். நனைந்த பனியனோடு அப்பா பாயில் படுத்திருந்தார். அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "எழுந்ததும் வரச்சொல்லுங்க" என்று மேனேஜர் கிளம்பினார். அப்பா எழுந்திருக்கவில்லை. உலுக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். "நல்லாத் தூங்குறாரு, வேற ஒரு கோளாறும் இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் பெண் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா, "அப்போ இன்னொரு தடவை நீ கூசிப்போய் நின்னா, எழுந்துட்டாருன்னு வாயில வரும். வரட்டும், காத்திருக்கேன்" என்றாள்.

அந்த வெட்கம் வரவேண்டும் என்றே அவள் நடந்ததை ஊர் முழுக்கச் சொன்னாள். காறித் துப்பட்டும் என்று தோழிகளிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னாள், வேலைக்குப் போன இடத்தில் சொன்னாள். முதலில் பாதியிலேயே குரல் உடையும். சிலர் திட்டினார்கள். பலர், "விடும்மா, தெரியாமப் பண்ணிட்டே" என்று தோளில் தட்டினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. சொல்லச் சொல்லக் குரல் உடைவது நின்றது. இப்படியே வருஷங்கள் போயின. அப்பாவுக்குத் தலை நரைத்தது, தூக்கத்திலேயே.

ஒரு நாள் கரண்ட் கணக்கெடுக்கப் புதிதாக ஓர் ஆள் வந்தார். பாயில் கிடந்தவரைப் பார்த்து, "ஐயாவுக்கு உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க. நான் வெட்கத்துல ரெண்டு பொய் சொன்னேன், அதுல இப்படி ஆயிட்டாரு. மீட்டர் இந்தப் பக்கம் இருக்கு" என்றாள். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. சமையலறையில் அம்மாவின் கை அப்படியே நின்றது. வெளியே வந்து மகள் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குக் கூசலையாடி?"

"இல்லம்மா" என்றாள் மகள். அது பொய்யில்லை. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அழுதாள், அழுகை வந்தது, வெட்கம் வரவில்லை.

அம்மா, எழுந்தால் போட்டுக்கொள்வார் என்று வாசலோரம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த புருஷனுடைய செருப்பை எடுத்துவந்து கரண்ட்காரர் முன்னால் வைத்தாள். "உங்க அளவா இருந்தாப் போட்டுக்குங்க. நல்ல செருப்பு" என்றாள். அளவாகத்தான் இருந்தது. அவர் போட்டுக்கொண்டு போனார்.

அப்பா இன்னும் தூங்குகிறார். காலையில் அம்மா அவரை வலது பக்கம் திருப்பிவிடுவாள், வேலை முடிந்து வந்ததும் மகள் இடது பக்கம் திருப்பிவிடுவாள். கடைசி வீட்டைத் தாண்டும்போது எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. லாரிக்காரர்கள்கூட அங்கே ஹாரன் அடிப்பதில்லை.