பதினேழாம் கட்டில்

"உங்கம்மான்னு ஒரு ஆளே அங்க இல்லைங்கறாங்களேம்மா" என்றார் வங்கி அதிகாரி.

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அந்த வங்கியில் சுவருக்குப் பதில் முழுக்கக் கண்ணாடி. முட்டி உடைத்தால் அதற்கும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டும்.

"இருக்காங்க சார். பத்தொன்பது வருஷமா அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. இந்த நிமிஷம்கூட டியூட்டியிலதான் இருக்காங்க."

"நேத்து ஒரு தடவை கூப்பிட்டேன், இன்னிக்குக் காலையில ஒரு தடவை. ரெண்டு தடவையும் 'அப்படி யாரும் இங்க இல்லைங்க'ன்னு பட்டுன்னு வெச்சுட்டாங்க. மூணு மணிக்குக் கடைசியா ஒரு தடவை கூப்பிடுவேன். அப்பவும் இதே பதில்னா ஃபைலை மூடிடுவேன். விதிமுறைம்மா."

"சம்பளச் சான்றிதழ் வெச்சிருக்கேனே சார்? ஆஸ்பத்திரி முத்திரையோட?"

"அது காகிதம். இது தொலைபேசிச் சரிபார்ப்பு. ரெண்டும் வேணும்."

"அப்ப நான் ஒரு வழி சொல்றேன். போன் பண்ணி, 'பதினேழாம் கட்டில் எப்படி இருக்காங்க'ன்னு கேளுங்க. உடனே எங்கம்மாவைக் கூப்பிட்டுத் தருவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கடன் கேட்டு வருகிறவர்கள் பலவிதம், இது புதுவிதம் என்று நினைத்திருப்பார். "விண்ணப்பதாரர் பேரைச் சொல்லித்தாம்மா கேக்கணும். பேச்சு பதிவாகுது" என்றார்.

மணி இரண்டு பத்து. கல்லூரிக் கட்டணம் நாளை நண்பகலுக்குள் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கு அந்த இடம் போய்விடும். அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. நான்காவது முறை தேர்வெழுதி வாங்கிய இடம். ஐந்தாவது முறை எழுத அவளால் ஆகாது.

ஆமாம், மருத்துவக் கல்லூரியில் சேரப்போவது என் அம்மாதான், நான் இல்லை. நான் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறேன், அதுவே எனக்குப் போதும். இதைப் போன ஒரு மாதத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு கவுண்டரிலும் என்னைப் பார்த்துச் சிரித்து, அம்மாவைப் பார்த்து, "பொண்ணைப் பத்தி ரொம்பப் பெருமையா இருக்குமே?" என்பார்கள். விண்ணப்பத்தில் 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். தாத்தா சுவரில் படமாகிப் பல வருடமாகிவிட்டது. அப்பாவும் என் நான்கு வயதிலேயே போய்விட்டார். கடைசியில் நான்தான் போட்டேன். கல்லூரி விடுதியிலோ இருபத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்களாம்.

அம்மா ஏன் இந்த வயதில் இதற்கு ஆசைப்பட்டாள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். பத்தொன்பது வருடமாக நோயாளிக்கு என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை, "ஒருவேளை இதுவா இருக்குமோ டாக்டர்?" என்று கேள்வியாகத்தான் கேட்க வேண்டும். நேற்றுப் படித்து முடித்த பையன்களிடமும் அப்படித்தான். ஒரு நாளாவது முற்றுப்புள்ளி வைத்துப் பேசவேண்டும் என்றாள். சரி, பேசட்டும் என்று நானும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். இப்படி அவளே குறுக்கே நிற்பாள் என்று யார் கண்டது?

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த அட்டை. வார்டு தொலைபேசிக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருக்கும். 'ஊழியர் பெயரைச் சொல்லி வெளியிலிருந்து யார் கேட்டாலும், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லவும்.' எழுதியது சாட்சாத் என் அம்மா. ஒரு காலத்தில் ஒரு நோயாளியின் மச்சான், ஒரு நர்ஸின் பெயரைத் தெரிந்துகொண்டு தினமும் பத்துத் தடவை கூப்பிட்டுத் தொல்லை கொடுத்திருக்கிறான். நிர்வாகத்தில் சொன்னதற்கு, "பார்க்கலாம்" என்றார்களாம். அம்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அட்டையை எடுத்து எழுதிவிட்டாள். நல்ல ஏற்பாடுதான், அதில் நான் குறை சொல்லவில்லை.

குறை என்னவென்றால், இதே அம்மாதான் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் தொடர்பு எண் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்டு எண்ணை எழுதுவாள். கைப்பேசி வேலை நேரத்தில் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், வார்டு போன்தான் எப்போதும் எடுக்கப்படும் என்பது அவள் வாதம். எடுக்கிறார்கள், எடுத்து அவளே இல்லை என்கிறார்கள்.

என் பள்ளிக்கூடத்துப் படிவத்திலும் அதே எண்தான். ஒன்பது வயதில் மதில் மேலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். டீச்சர் வார்டுக்குப் போன் செய்தார். அப்படி யாரும் இல்லையாம் என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், நான்தான் அம்மாவைக் கற்பனை செய்துகொண்டது போல. கை வீங்க வீங்க, நாலு மணிவரை அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் போனை எடுத்த நர்ஸ் யாராக இருந்தாலும் நாசமாய்ப் போகட்டும் என்று அழுதுகொண்டே சபித்தது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அம்மா பதினேழாம் கட்டிலைக் கண்டுபிடித்தாள். அந்த வார்டில் மொத்தம் பதினாறு கட்டில். பதினேழைப் பற்றி யாராவது கேட்டால், அது அவள் மகள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வங்கியிலிருந்து கூப்பிடுவார்கள், இருக்கிறேன் என்று சொல்லச் சொல் என்று திங்கட்கிழமையே அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவளும் சொல்லித்தான் வைத்தாள், திங்கட்கிழமை ஷிஃப்டில் இருந்தவர்களிடம். வங்கி கூப்பிட்டது புதன்கிழமை.

இது போதாதென்று வீட்டுக்காரம்மா வேறு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிநேரம் ரயிலில் போய், கல்லூரி இருக்கும் ஊரில் அறை தேடினோம். முதல் அறை டயர் கடைக்கு மேலே. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் குளிக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆறு மாத வாடகை முன்பணம். மூன்றாவதுதான் கண்ணுக்கு அறையாகத் தெரிந்தது. மாடியில் ஒற்றை அறை, ஜன்னலோரம் மேசை, ஒரு காலுக்குச் செங்கல் வைத்த கட்டில். வீட்டுக்காரம்மா என்னிடம், "எந்த வருஷம் சேர்றே?" என்றார். நான் அம்மாவைக் காட்டினேன். அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுலயா?"

"ஆமாங்க. இந்த வயசுலதான் கிடைச்சுது" என்றாள் அம்மா.

"ஆம்பளைப் பசங்க யாரும் தேடி வரக் கூடாது. முன்கூட்டியே சொல்லிட்டேன்."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க இருமல் வந்தது. அவர் விடவில்லை. "நீங்க அசலூரு. நாளைக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கூப்பிடறது? ஆள் எடுக்கற நம்பரா எழுதிக் குடுங்க."

நான் தடுப்பதற்குள் அம்மா எழுதிவிட்டாள். பிறகென்ன, இன்று காலை அறையை உறுதி செய்ய ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்ட என்னை வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டார். "குடுத்த நம்பர்ல அப்படி யாருமே இல்லையாமே? என்ன பித்தலாட்டம் இது? வேற ஒரு பொண்ணு அறையைக் கேட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்."

வங்கிப் படியிறங்கிக்கொண்டே வார்டுக்குப் போன் செய்தேன்.

"பதினேழாம் கட்டில் எப்படி இருக்காங்க?"

"இங்க பதினாறு கட்டில்தாங்க" என்றது தெரியாத குரல். வைத்துவிட்டது.

சனியன் ஒரு பக்கம் பிடித்தால் பரவாயில்லை, சுற்றி வளைத்துப் பிடித்தால்? ஓடிப்போய்ப் பேருந்து பிடித்தேன். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, நிறுத்தமில்லாத இடத்திலும் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டினார். "பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு."

"பதினேழாம் கட்டில்" என்றேன், மூச்சு வாங்க.

"ஓ, நீயா? போ, போ. லிஃப்ட் ரிப்பேர்."

மூன்று மாடி ஏறி வார்டு மேசை முன் போய் நின்றபோது மணி இரண்டு ஐம்பத்தாறு. மேசையில் நான் பார்த்திராத ஒரு நர்ஸ், கையில் ஊசித் தட்டு. ஆள் பற்றாக்குறைக்கு நாலாம் மாடியிலிருந்து இன்று காலை கடனாக வந்தவராம். அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"அப்படி யாரும் இங்க இல்லைங்க."

"அதோ நிக்கறாங்களே!" கண்ணாடிக்குப் பின்னால், ஒன்பதாம் கட்டிலில், அம்மா ஒருவர் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அட்டையில இப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கு. கோவிச்சுக்காதீங்க."

கோபமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாம் கட்டிலில் யாரோ மணியடிக்க, அவர் தட்டோடு போய்விட்டார். உள்ளே போய் அம்மாவை இழுத்து வரலாமா என்று யோசித்து நான் கோப்பு அலமாரி ஓரம் நகர்ந்தபோது தொலைபேசி அடித்தது. மூன்று மணி. அந்த மனிதர் விதிமுறையில் நிமிஷம்கூடப் பிசகவில்லை.

அடிக்கிற போனை அடிக்க விடுவது அம்மாவுக்குப் பழக்கமில்லை. கையுறையைக் கழற்றியபடி வேகமாக வந்தாள். நான் அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்றது அவள் கண்ணில் படவில்லை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். ஒரு வாக்கியம் கேட்கிற நேரம்தான்.

"அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்றாள்.

"அம்மா!"

நான் கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. ரிசீவரை வைக்கப்போன கையை எட்டிப் பிடித்தேன். "அது பேங்க்மா! உன்னைத்தான் கேக்கறாங்க! நீ இல்லையா? நீயே இல்லையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். ரிசீவரை மெல்லக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"சார், வெச்சுடாதீங்க. இருக்காங்க... அது நான்தாங்க."

அந்தப் பக்கம் அதிகாரி நீளமாக ஏதோ பேசினார். அம்மா என் பக்கம் திரும்பி, "நானே சொன்னா செல்லாதாம். இங்க வேலை செய்யற வேற யாராவது சொல்லணுமாம்" என்றாள்.

கடன் நர்ஸ் அப்போதுதான் நாலாம் கட்டிலிலிருந்து திரும்பினார். அம்மா ரிசீவரை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, அட்டையை ஒரு தரம் படித்து, வாயைக் கையால் பொத்தி, "சிஸ்டர், நீங்க இருக்கீங்கன்னு சொல்லவா, இல்லைன்னு சொல்லவா?" என்றார்.

அம்மா இன்னொரு தரம் அட்டையைப் பார்த்தாள். அந்த இரண்டு நொடியில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இருக்கேன்னு சொல்லும்மா."

அவர் சொன்னார். பெயர், வேலை, பத்தொன்பது வருடம், எல்லாவற்றையும் அம்மா வாயசைக்க அவர் திருப்பிச் சொன்னார். வைத்தபின், "பாஸ் பண்ணிட்டாராம். நாளைக்குக் காலையில கட்டணம் போயிடும்னாரு" என்றார். மேசையோரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்து நின்றது.

"அம்மா, என் கை உடைஞ்ச அன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்களே. யாரு எடுத்தது?"

அம்மா கழற்றிய கையுறையை மடித்தாள். குப்பையில் போடவேண்டிய கையுறையை யாராவது மடிப்பார்களா?

"நான்தான்" என்றாள். "பேரைக் கேட்டதும் வாய் தானா சொல்லிடுச்சுடீ. வெச்சப்பறமும் எனக்கு உறைக்கலை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரங்க உன்னைத் தூக்கிட்டு வந்தப்பதான்... யார்கிட்டயும் சொன்னதில்லை."

பன்னிரண்டு வருடமாக நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்டக் கோபம் மீதமிருந்தது. ஆனால் எதிரே நின்றது கசங்கிய சீருடையும் மடித்த கையுறையுமாக இவள். கத்தவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை, வீட்டுக்காரம்மா சாயங்காலம் வரைதான் பார்ப்பார்.

வார்டு போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டேன். அட்டை கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

"இப்ப வேற நம்பர் தர்றேங்க. எழுதிக்கங்க. என்னோடது. கார்டியன்னு என் பேரைப் போட்டுக்கங்க."

"அம்மாவுக்கு மக கார்டியனா? கூத்துதான். சரி, கூப்பிட்டா எடுப்பியா?"

"எடுப்பேங்க."

அவர் வைத்துவிட்டார். அம்மா, "அறை குடுத்தாங்களா? என்ன சொன்னாங்க?" என்று என் தோளைப் பிடித்தாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் பைக்குள் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். அவரேதான், சோதித்துப் பார்க்கிறார்.

முதல் மணி முடிவதற்குள் எடுத்தேன்.

"இருக்கேங்க" என்றேன்.