கட்டைவிரல் குழி

பெட்டியைப் பிரித்ததும் சின்னவள் ஒரு கோப்பையை எடுத்து, அதன் பக்கவாட்டுக் குழியில் வலது கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். விரல் நகத்தோடு நின்றுவிட்டது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். ஆறையும் பார்த்துவிட்டுக் கவிழ்த்தாள். அடியில் அக்காவின் பெயர், நீல எழுத்தில்.

குழி அவளுடையது. இரண்டு வருடமாக அவள் கைகளில் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. வலது கட்டைவிரல் ஒன்றுதான் இன்னும் சொன்ன பேச்சு கேட்கிறது. பிடி வைத்த கோப்பை எதுவும் கையில் நிற்காமல் போகவே, அக்காவின் பட்டறை மூலையில் உட்கார்ந்து, பதினொன்றைப் பாழாக்கி, பன்னிரண்டாவதைச் செய்தாள். பீங்கான் சூளையில் ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதற்குத் தகுந்தாற்போல் ஈர மண்ணிலேயே குழியைப் பெரிதாக வைத்தாள். வெந்து வந்தபோது விரல் கனகச்சிதமாக உட்கார்ந்தது. யார் தயவும் இல்லாமல் டீ குடித்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பெரியவள் பீங்கான் கலைஞர், நாலு பேருக்குத் தெரிந்த பெயர். பெரிய கடை ஒன்று, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து விற்க அவளிடம் ஒரு வடிவம் கேட்டிருந்தது. ஆறு மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள், ஒன்றும் தேறவில்லை. பிறகு ஒருநாள் சமையலறை அலமாரியில் தங்கையின் கோப்பை இல்லை. கை தவறி உடைந்துவிட்டது என்றாள். கூடப்பிறந்தவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? இன்றைக்கு அந்தக் கடையிலிருந்து இந்தப் பெட்டி வந்திருக்கிறது.

"வெந்த கோப்பையிலயே அச்சு எடுத்தாங்களாக்கா?"

"ஆமா."

"மறுபடி சுருங்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. ஈர மண்ணுல பெருசா ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கணும். அந்தக் குழி எனக்கு வராது. உன்கிட்டதான் கேக்கணும்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா பேரு கேப்ப."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள், பாவி. சின்னவள் கோபத்தை விழுங்கிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது பெயர் இல்லை.

"பழசை வாங்கிக் குடு."

"அச்சு எடுத்ததும் தூக்கிப் போட்டுட்டாங்க."

"சரி, இந்த விரல் இருக்கறப்பவே வேற ஒண்ணு செஞ்சுக்கறேன்."

"முடியாது. இந்தப் பட்டறையில இனிமே அந்த வடிவத்தை யாரும் செய்யக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுக்கா. வீட்டுக்குள்ளயே வெச்சுக்கறேன்."

"ஒண்ணுன்னாலும் கிடையாது. களிமண் அறையைப் பூட்டியாச்சு. குடிக்க வெக்க நான் இருக்கேன், உனக்கு என்ன குறை?"

சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே புதுக் கோப்பையில் டீ ஊற்றினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்கையின் முகவாயை ஒரு கையால் நிமிர்த்தினாள். சின்னவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கோப்பை அவள் வாயருகே அப்படியே நின்றது. பெரியவளுக்கு அவசரமில்லை.

"ஆறுது பாரு," என்றாள்.

காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டை. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.