லண்டன் நடிகைக்குப் பின்னால்

விக்டோரியா ராணி காலத்து லண்டன் நாடக நடிகர்கள் அத்தனை பேரும் மயிலாப்பூர் கஸ்தூரிரங்கனுக்கு அத்துப்படி. தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்பு நிறப் படங்களாக இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வைத்திருந்தார். தாடி ஒட்டினாலும் பவுடர் அப்பினாலும் மூக்கை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். எதிர்வீட்டுக்காரரை மட்டும் லிஃப்டில் தினமும் யாரென்று கேட்பார். அது வேறு விஷயம்.

அன்று காலை மனைவி ஜானு ஆசையாக வந்து நின்றாள்.

"ஏன்னா, கல்யாணத்துக்கு முன்னாடி சபாவுல ஒரே ஒரு நாடகத்துல நடிச்சேனே, அந்த ட்ரூப்புக்கு ஐம்பதாவது வருஷமாம். விழா மலர்ல போட என் போட்டோ கேக்கறா. என்கிட்ட இருந்ததே ஒண்ணுதான். எங்காத்துலேர்ந்து கொண்டுவந்த தேக்கு ஃபிரேம்ல இருந்துதே, எங்கே?"

"தேடிப் பாக்கறேன்" என்று நழுவினார். அந்த ஃபிரேமில் முப்பது வருஷமாக ஒரு லண்டன் நடிகை குடியிருந்தாள். அளவு கச்சிதமாக இருக்கிறதே என்று அவர்தான் அவளைச் செருகியவர். ஏற்கெனவே உள்ளே இருந்தது யார் என்று ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை.

ஜானு கோயிலுக்குப் போனதும் ஃபிரேமைப் பிரித்தார். மழைக்கால ஈரத்தில் நடிகையின் முதுகோடு இன்னொரு படம் ஒட்டிக்கிடந்தது. ஓரத்தைக் கிளப்பினால் முறுக்கு மீசை, போலீஸ் தொப்பி. யாரோ கான்ஸ்டபிள். ஜானு இல்லை. அப்பாடா!

பஞ்சை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கான்ஸ்டபிளைத் துண்டு துண்டாக உரித்தெடுத்தார். மிச்சத்தை பிளேடால் சுரண்டினார். கீழே வந்த குப்பை வண்டியில் தானே போய்க் கொட்டிவிட்டும் வந்தார்.

ஜானு திரும்பியதும், "உன் போட்டோ அதுல இல்ல ஜானு. என் லண்டன் நடிகைக்குப் பின்னாடி எவனோ மீசைக்காரன்தான் ஒட்டிண்டிருந்தான். கிழிச்சு எறிஞ்சுட்டேன்" என்றார், பெரிய காரியம் சாதித்த மாதிரி.

அவள் அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு கான்ஸ்டபிள் வேஷக்காரருக்கு ஜுரம். கடைசி நிமிஷத்துல மீசையை ஒட்டி என்னை மேடைக்குத் தள்ளிவிட்டா. அது நான்தான்."

முப்பத்தெட்டு வருஷத்தில் என்ன வேஷம் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசல்வரை ஓடினார். வண்டி போய் அரைமணி ஆகியிருந்தது.

திரும்பி வந்தபோது ஜானு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"உங்க லண்டன்காரிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல" என்றார் கஸ்தூரிரங்கன், தரையைப் பார்த்தபடி. "ஒரு கீறல்கூட விழல."