புளித்துப்போன தொட்டி

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் குப்பையிலிருந்து சமையல் கேஸ் எடுக்கும் பிளான்ட்டைத் திறந்த அன்று, விழா முடியும்வரை அமிர்தவல்லி சிரிக்காமல் நின்றாள். வந்திருந்தவர்களுக்கு அவள் காட்டிய மரியாதை அது ஒன்றுதான். மேடையில் பேசியவர்களில் ஒருவன்கூட ஜென்மத்தில் குனிந்து ஒரு வாழைப்பழத் தோலை எடுத்திருக்க மாட்டான். பூமியைக் காப்பாற்றுவதைப் பற்றித் தொண்டை வறளப் பேசினார்கள். தண்ணீர் குடித்தார்கள். குடித்த பாட்டில்களை நாற்காலிக்கு அடியிலேயே உருட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். பொறுக்கியவள் அமிர்தவல்லி.

ஆனால் பிளான்ட்டை அவள் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. அது மேடையேறிப் பேசாமல் வேலை செய்தது. காய்கறிக் கடைகளில் அழுகிய தக்காளி, ஓட்டல்களில் மிஞ்சிய சோறு, பூக்கடையில் வாடிய சாமந்தி எல்லாம் ஒரு தொட்டியில் விழுந்தன. அங்கிருந்து நிலத்தடித் தொட்டிக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று, கேஸாகி, குழாய் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்புக்கு வந்தது. முதல் நாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, உலை வைக்கவும் தோன்றாமல் அந்த நீலத் தீயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த குப்பையில் அவள் இட்லி வெந்தது.

இருபது வருடம் அடுத்தவன் ஓட்டலில் அடுத்தவன் அடுப்பில் வெந்தவள் அவள். இப்போதுதான் 'அமிர்தம் மெஸ்' என்று அவள் பெயரில் ஒரு பலகை தொங்கியது. பிளான்ட்டை நடத்தும் கம்பெனி, காம்பவுண்டுக்குள் இருந்த அந்தக் கடையை அவளுக்கு இரண்டு நிபந்தனைகளின் பேரில் கொடுத்திருந்தது. பிளான்ட் கேஸில்தான் சமைக்க வேண்டும். அவளால் பிளான்ட்டுக்கு ஒரு கெடுதல் வந்தாலும் கடை போய்விடும். மேனேஜர் நெடுமாறன் இதை மாதம் ஒருமுறை வந்து நினைவூட்டிவிட்டு, ஓசியில் இரண்டு தோசை தின்றுவிட்டுப் போவான்.

மாசி கழிந்ததும் தீ மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. பிறகு திக்கித் திணறியது. பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் தொட்டித் தண்ணீரில் ஒரு காகிதத்தை நனைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். டிப்ளமா படித்த பெண். அதிர்ந்து பேச மாட்டாள். அதனாலேயே அமிர்தவல்லிக்கு அவளிடம் கொஞ்சம் இளக்காரம்.

"உள்ள புளிச்சிப் போயிருக்குதுக்கா. எலுமிச்சை நிறைய விழுது. அந்தப் புளிப்பும் தோலுல இருக்குற எண்ணெயும் சேந்து கேஸ் குடுக்குற கிருமியச் சாவடிக்குது. எலுமிச்சை, ஆரஞ்சு எதுவும் போடக் கூடாதுன்னு டிரெய்னிங்லயே சொன்னேனே."

டிரெய்னிங் அன்று அமிர்தவல்லி கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். "சமையலறைக் கழிவு எல்லாம் போடலாம்" என்றது காதில் விழுந்தது. அதற்கு மேல் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. ஆனால் எலுமிச்சை என்றதுமே யார் வேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம்தான், வேறு யார்? ஸ்பெஷல் பஸ்ஸில் போய் அங்காளம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தை வாங்கி வருவார்கள். வாசலில் கட்டுவார்கள், வண்டியில் கட்டுவார்கள். அடுத்த அமாவாசைக்குள் அது காய்ந்து கறுத்துவிடும். அம்மன் பழத்தைக் குப்பையில் போடக் கூடாது, கால் படக் கூடாது. அதனால் இத்தனை காலம் ஏரியில் விட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது பிளான்ட் தொட்டி வந்துவிட்டது. கடைசியில் நெருப்பாகத்தானே போகிறது, நெருப்புக்குத் தீட்டில்லை என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்துச் சொல்ல, பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள் தொட்டி வாயில் பழத்தைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். தொட்டிச் சுவரில் யாரோ மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

"கும்புடறதுக்கு உங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா? என் அடுப்புல மண்ணள்ளிப் போடறதுக்குன்னே பஸ் ஏறி வரீங்களா?" என்று அமிர்தவல்லி கரண்டியோடு சுவரருகில் நின்று கத்தினாள். வயசான ஆள், கைக்குழந்தைக்காரி என்று பார்க்கவில்லை. அவள் கணக்கில் இந்த ஊரில் மூளையுள்ளவள் அவள் ஒருத்தி. மிச்சமெல்லாம் பொட்டு வைத்த மாடு. எஸ்தர் தொட்டிக்கு வலை போட்ட மூடியும் பூட்டும் போட்டாள். பகலில் கழிவு வாங்க மட்டும் திறப்பாள், சாவி ஒன்றை அமிர்தவல்லியிடமும் கொடுத்துவைத்தாள். பழம் போடுகிறவர்கள் மறுபடி ஏரிக்கே போனார்கள்.

தீ அப்படியும் தேறவில்லை. ஒவ்வொரு அமாவாசை கழிந்தும் இன்னும் மோசமானது.

அப்போதுதான் அமிர்தவல்லியின் கண் பச்சமுத்து மேல் விழுந்தது. பிளான்ட் கேட்டை ஒட்டி எலுமிச்சை ஜூஸ் வண்டி போட்டிருந்தவன். கோட்டை பார்த்துவிட்டு நாக்குத் தள்ளி வருகிறவர்களுக்கு உப்பும் சோடாவும் போட்டுக் கலக்கிக் கொடுப்பான். கம்பெனி இடத்தில் கம்பெனி சொல்லித்தான் நின்றான். அவனுக்கும் அதைவிட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"தோலெல்லாம் எங்கய்யா போவுது?" என்றாள்.

"ஊட்டுக்கு எடுத்துக்கினு போறேன்க்கா. எம் பொண்டாட்டி உப்புல போட்டுக் காய வெச்சி ஊறுகா பண்ணுது."

"ஆமா, செஞ்சித் தாலுகாவே உன் பொண்டாட்டி ஊறுகாயத்தான் நக்கிக்கினு இருக்குது. காது குத்தறதுக்கு வேற ஆளப் பாரு."

அன்று பிடித்தவள் விடவில்லை. இரண்டு அமாவாசை வரைக்கும் அவன் கடைக்கு யார் வந்து நின்றாலும் அவர்கள் காதுபடத் திருடன் என்றாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு கெஞ்சினான், பிறகு பேசுவதை நிறுத்திவிட்டான். பதில் பேசாததையே அவள் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். கூட்டம் அவன் வண்டியைவிட்டு விலகியது. திட்டு வாங்கிக்கொண்டே ஜூஸ் குடிக்க யாருக்கு ஆசை?

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலையில் அடுப்பு அடியோடு அணைந்தது. இட்லி பாதி வெந்து மாவாக நின்றது. மறுநாள் சென்னையிலிருந்து ஒரு குழு பிளான்ட்டைப் பார்வையிட வருவதாக இருந்தது. நல்ல பெயர் கிடைத்தால் இன்னும் பல ஊர்களில் கம்பெனிக்கு வேலை கிடைக்கும். நெடுமாறன் விழுந்தடித்துக்கொண்டு வந்தான். தோசை கேட்கவில்லை.

"தொட்டியத் தொறந்து வாரச் சொல்லுங்க சார். எல்லார் முன்னாலயும் வாரட்டும். திருடன் யாருன்னு ஊரு பாக்கட்டும்" என்றாள் அமிர்தவல்லி.

வாரினார்கள். போடுவதை அரைக்கும் மெஷின் ஒன்று தொட்டி வாயில் இருந்தது. திறந்த ஒரே மாதத்தில் அது மண்டையைப் போட்டது. ரிப்பேர் செய்ய நெடுமாறனுக்கு நேரம் வரவே இல்லை. அதனால் போட்டது போட்டபடியே மேலே மிதந்தது. நாற்றத்தில் கூட்டம் ஓரடி பின்வாங்கியது, போகவில்லை. மண்வெட்டியில் வந்ததெல்லாம் பிழிந்து சக்கையான எலுமிச்சை மூடிகள். கூடை கூடையாக வந்தன. கோயில் பழம் முழுசாக அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருந்தது.

எல்லார் தலையும் பச்சமுத்து பக்கம் திரும்பியது. நெடுமாறன் குப்பை டிராக்டரைக் கூப்பிட்டு, ஜூஸ் வண்டியை ஏற்றச் சொன்னான். இரண்டு பேர் வண்டியைத் தூக்கினார்கள். கண்ணாடித் தம்ளர்கள் சரிந்து இரண்டு உடைந்தன. பச்சமுத்து, "நான் இல்ல சார், சத்தியமா நான் இல்ல சார்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தில் வீசுவதற்காக அமிர்தவல்லி குவியலிலிருந்து ஒரு மூடியை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

மூடி நீளவாக்கில் நறுக்கியிருந்தது, காம்பிலிருந்து நுனிவரைக்கும். ஜூஸ் பிழிகிறவன் எவனும் அப்படி நறுக்க மாட்டான். குறுக்கே வெட்டினால்தான் சாறு இறங்கும், அவன் இரும்புப் பிழியானிலும் பொருந்தும். எதிரே பச்சமுத்துவின் வண்டியிலிருந்து உருண்டு கிடந்த மூடிகள் அத்தனையும் குறுக்கே வெட்டியவை. நீளவாக்கில் நறுக்குகிற கை செஞ்சி பஜாரில் ஒன்றுதான். அவசரத்தில் அரிவாள்மணையில் பழத்தை நிமிர்த்திவைத்துப் பிளந்து பழகிய கை. குனிந்து இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். அடுத்ததும் அப்படித்தான்.

அமாவாசைக்கு அமாவாசை, மலையனூர் போகிற கூட்டத்துக்கு அண்டா அண்டாவாக எலுமிச்சை சாதம் கிளறிப் பொட்டலம் கட்டி விற்றவள் அவள். அந்தத் தோலையெல்லாம் பக்கெட் பக்கெட்டாக, எஸ்தர் வருவதற்கு முன்பே பூட்டைத் திறந்து தொட்டியில் கவிழ்த்தவளும் அவள்தான். சாவி ஒன்று அவளிடம் இருந்தது. ஒருமுறைகூட அது உறைத்ததில்லை. அம்மன் காலடியில் இருந்து வந்தால்தான் அவளுக்கு அது எலுமிச்சை. அவள் சமையலறையிலிருந்து போனது வெறும் கழிவு. கழிவைப் போடத்தானே தொட்டி?

உடம்பெல்லாம் கூசியது. எஸ்தர் அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

அமிர்தவல்லி நெடுமாறனைத் தனியே இழுத்துப்போனாள். "சார், அது அவன் போட்டதில்ல. என் அடுப்பாங்கரையில இருந்து போனது. வெட்டுன வாகப் பாருங்க, தெரியும்."

நெடுமாறன் மூடியை வாங்கிப் பார்த்தான். ஒரு நொடி யோசித்தான். பிறகு அதைத் தன் காலுக்குக் கீழே போட்டுத் தேய்த்துவிட்டு, குரலைத் தழைத்துக்கொண்டான்.

"அம்மா, நாளைக்கு வர்றவங்களுக்கு உங்க மெஸ்ஸத்தான் காட்டப் போறோம். போட்டோல்லாம் எடுத்து அனுப்பியாச்சு. நீங்களே கெடுத்தீங்கன்னா திட்டமே ஃபெயிலுன்னு ஆயிடும். ஜூஸ்காரன் போட்டான்னா, வெளியாள் பண்ண தப்பு, அவ்ளோதான். உள்ள ஒரு சிலிண்டர் வைக்கச் சொல்றேன், யாருக்கும் தெரியாது. கடை உங்களுதுதான். வாய மூடிக்கினு போங்க." சொல்லிவிட்டுக் கண்ணடித்தான்.

கடை அவளுடையதுதான். பலகையில் அவள் பெயர் அப்படியே இருக்கும். ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அவள் சும்மா இருந்துகூட இருப்பாள். அவ்வளவு ஆசை அந்தக் கடை மேல். ஆனால் அந்தக் கண்ணடிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஓசி தோசைக்குப் பல்லைக் காட்டுகிற இந்தப் பயல் தன்னையும் அவன் ரகத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டான். நீலத் தீ எரிந்த அடுப்பில் சிலிண்டரை ஒளித்துவைத்து ஊரை ஏமாற்று என்று அவளிடமே சொல்கிறான், அதுவும் கூட்டுக் களவாணியிடம் பேசுகிற குரலில். பச்சமுத்துமேல் வந்த இரக்கமெல்லாம் அப்புறம். முதலில் வந்தது இவன்மேல் அருவருப்புதான்.

விடுவிடுவென்று மெஸ்ஸின் பின்பக்கம் போனாள். நேற்றைய எலுமிச்சைத் தோல் பக்கெட் இன்னும் கொட்டாமல் இருந்தது. தூக்கிவந்து கூட்டத்துக்கு நடுவில், வாரிய குவியலுக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க! இது என் பக்கெட்டு. அதுவும் இதுவும் ஒரே வெட்டு. தொட்டியக் கெடுத்தது நான். இந்த ஆளு இல்ல. இந்த சாருக்கு அது தெரியும், தெரிஞ்சும் வண்டிய எறக்கச் சொல்லல. எறக்குங்கடா வண்டிய!"

கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. திட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள், வயிறாரச் சிரித்தார்கள். நெடுமாறன் முகம் சுண்டிப்போனது. "கடையக் காலி பண்ணு. இன்னிக்கே. சாவிய எஸ்தர்கிட்ட குடுத்துட்டுப் போ" என்று கத்திவிட்டு, யார் கண்ணையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறினான். ஆட்கள் வண்டியை இறக்கிவைத்தார்கள்.

அமிர்தவல்லி சாவிகளை இடுப்பிலிருந்து எடுத்து எஸ்தரிடம் கொடுத்தாள். பலகையை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. பச்சமுத்து உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். ஏதாவது சொல்வான் என்று நின்றாள். கடையையே விட்டுக்கொடுத்தவளுக்கு ஒரு வார்த்தை வராதா?

அவன் எழுந்து வண்டியைத் திருப்பினான். கேட்டைவிட்டு வெளியே, பஸ் ஸ்டாண்டின் அந்தப் பக்கமாகத் தள்ளத் தொடங்கினான்.

"எங்கய்யா போற? வண்டிய எறக்கியாச்சே. இங்கயே போட்டுக்கயேன், இனிமே உன்ன யாரு கேக்கப் போறா?" என்றாள்.

பச்சமுத்து தள்ளுவதை நிறுத்தினான்.

"எம் பொண்ணு பெரிய லீவுல கடைக்கு வந்து கூட நின்னுது. நீ திருடன் திருடன்னு கத்துனத கேட்டுக்கினு போனதுதான். அதுக்கப்பறம் அது கடைப்பக்கமே வரல. எங்கனா பேரு எழுதறப்ப அப்பன் இன்னா தொழிலுன்னு கேட்டா, கூலின்னு சொல்லுதாம்."

நன்றி கெட்ட ஜென்மம் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். குனிந்து, அவன் பொறுக்காமல் விட்ட கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.