முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல்

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அன்னூரில் இருபத்தாறு வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறேன். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற எவனும் தன் மேல் தப்பு என்று இதுவரை சொன்னதில்லை. "தானா எரிஞ்சு போச்சுங்க" என்பான். மூடியைக் கழற்றி மோந்து பார்த்தாலே, தண்ணீர் இல்லாத போர்வெல்லில் ஓட்டியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். எங்கள் வாலிபால் அணி அந்தியூர் அணியிடம் மூன்றாவது முறையாகத் தோற்றபோதும் எனக்கு அந்த வாடைதான் அடித்தது.

வாலிபால் பார்க்காதவர்களுக்காக ஒரு விஷயம். அடிக்கிறவன் பெயர்தான் மைக்கில் வரும். ஆனால் பந்தை யாருக்குத் தூக்கிக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவன் செட்டர். எதிரணி சர்வீஸ் போடுவதற்கு முன்னால் அவன் வலையோரம் நின்று, முதுகுக்குப் பின்னால் தன் ஆட்களுக்கு விரல் காட்டுவான். ஒரு விரல் என்றால் நடுவில் அடிப்பவனுக்கு. இரண்டு விரல் இடது கோடிக்கு. மூடிய கை வலது கோடிக்கு. அணிக்குள்ளே மட்டும் இருக்க வேண்டிய ரகசியம் இது. ஆனால் நாங்கள் எப்போதும் எங்கள் அணியின் முதுகுப் பக்கம்தான் உட்காருவோம். செட் முடிந்து அணிகள் பக்கம் மாறினால், நாற்பது பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாங்களும் மாறுவோம். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அந்த விரல் பாஷையை முதலில் கண்டுபிடித்தவன் நான். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

பைனலுக்கு ஆறு நாள் இருந்தது. மறுபடியும் அந்தியூரோடுதான். சாயங்காலம் அரங்கசாமியின் பேக்கரியில் வழக்கம்போலக் கூடியிருந்தோம். பேச்சு எங்கள் செட்டர் மிதுனைப் பற்றி.

"பையனுக்குக் கை பஞ்சாட்டங்க," என்றார் நாகூர் மீரான். கடைவீதியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறவர், பஞ்சை விட்டால் அவருக்கு வேறு பேச்சு வராது. "எப்பேர்ப்பட்ட பந்தையும் சத்தமில்லாம தூக்கிக் குடுக்கறான். இந்த ஜில்லாவுல அவனாட்ட செட்டர் இல்லீங்க."

"தூக்கறான், செரி. ஆருக்குத் தூக்கறான்?" என்றேன். "ஆறேகால் அடி ஆரிஃப் கோடியில சும்மா நிக்கறான். இவன் நடுவுலயே குடுத்துட்டிருக்கறான்."

"நடுவுல குடுத்தாத்தானுங்க கோடியில ஆளு கொறையும்."

"எங்க கொறஞ்சுது? நம்ம பந்து எங்க போனாலும் அந்தியூர்க்காரன் ரெண்டு பேரு முன்னாலயே போய் நின்னுட்டிருக்கறானே. அவுங்க கேப்டன் சஹீருக்கு என்ன, கனவுல வந்து சொல்லுதா?"

கல்லாவில் இருந்த அரங்கசாமி குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லலாமோ என்னமோ தெரியலீங்க. போன புதன்கெழம சரக்கு எடுக்க அந்தியூர் போயிருந்தேன். அங்க மிதுனப் பாத்தனுங்க. வெள்ள வேட்டி, புதுச் சட்டை. காரை விட்டு எறங்கி ஒரு சந்துக்குள்ள போனான். கூப்பிட்டேன், காதுல உழுகாத மாதிரி போயிட்டான்."

"வேட்டி கட்டீட்டா பேரம் பேசப் போவாங்க?" என்று மீரான் சிரித்தார்.

"சஹீர் ஊடு அந்தியூர்லதான இருக்குது?" என்றேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் நாலு பேர் சென்னகிருஷ்ணன் வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அணிக்கு எல்லாம் அவர்தான். அவர் மிதுனை வரச்சொல்லி, அந்தியூருக்கு எதற்குப் போனாய் என்று நேராகவே கேட்டார்.

"சொந்த வேலைங்க சார்."

"என்ன வேலைன்னு சொல்லிப்போட்டா முடிஞ்சு போச்சல்லோ, கண்ணு?"

"சொல்ல முடியாதுங்க சார்."

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. பைனலில் முதல் ஆறு பேரில் மிதுன் இல்லை என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து ஒரு அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்கிறவர் பைனல் பார்க்க வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எடுத்துவிட்டால் நிரந்தர வேலை. மிதுன் நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவன், வயது வரம்பைத் தாண்ட அவனுக்கு நாலே மாதம் இருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மீரான் மட்டும் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார். "தப்பு பண்றீங்க வெள்ளியங்கிரிண்ணா. மோட்டார்னா மறுபடியும் கட்டிக்கலாம். இது அவன் பொழப்புங்க."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. ஆதாரத்தை அவர் மூஞ்சிக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று வீம்பு வந்துவிட்டது. பிப்ரவரியில் நடந்த ஆட்டத்தை அந்தியூர்க்காரர்கள் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பைனலுக்குக் கிளம்பும் முன், பட்டறையில் உட்கார்ந்து அதைப் போட்டேன். அவர்கள் பக்கமிருந்து எடுத்த படம், எங்கள் அணி நேராக முகம் காட்டி நின்றது. மிதுன் எந்த நிமிஷத்தில் கையை முன்னால் கொண்டுவந்து சஹீருக்கு விரல் காட்டுகிறான் என்று பிடிப்பதற்காக, வேகத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன்.

அவன் காட்டவேயில்லை. கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது, முன்னாலிருந்து பார்க்கிறவனுக்குச் சுண்டுவிரல்கூடத் தெரியாது. சஹீரும் அவனைப் பார்க்கவில்லை. சஹீரின் தலை கொஞ்சம் நிமிர்ந்து, மிதுனின் தோளுக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எங்கே பார்க்கிறான் என்று நானும் பார்த்தேன்.

என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நடு நாற்காலியில் நான். என் முகவாய் இடது கோடிப் பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறது. பக்கத்திலிருக்கிற அரங்கசாமி திரும்புகிறார், அவருக்கு அடுத்தவர் திரும்புகிறார், நாற்பது தலையும் இடது கோடிக்குத் திரும்புகிறது. செல்போன்களை வேறு அந்தப் பக்கமாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். சஹீர் ஏதோ கத்துகிறான். அவன் ஆட்கள் இரண்டு பேர் அந்தக் கோடிக்கு நகர்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சர்வீஸே விழுகிறது.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே வெட்டு, அதே நாற்பது தலை. எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

நான் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் செட்டைத் தோற்றிருந்தோம். மிதுன் பனியனோடு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து ஷூ லேசை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் குந்தினேன்.

"மிதுனு, நான் ஒரு வீடியோ பாத்தேன்."

"தலை திரும்பறதுங்களா மாமா? தெரியுங்க. போன மேட்ச்சுலயே பாத்துப்போட்டேன்."

"ஏஞ்சாமி, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க திரும்பறத நிறுத்திப்போடுவீங்க. இன்னிக்கு அத வெச்சே அவுங்கள ஏமாத்தலாம்னு இருந்தனுங்க. விரலை மாத்திக் காட்டறதுன்னு பசங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன். சார்கிட்டச் சொல்லல. சொன்னா பேக்கரி வரைக்கும் வந்துரும்."

கேட்கக் கூடாது என்று நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது. "அந்தியூருக்கு?"

"பொண்ணு பாக்கப் போனமுங்க. அமையல. வந்து பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்கன்னு அந்தப் புள்ள பேரு ஊருக்குள்ள வரப்படாதுங்க மாமா."

வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. அந்தப் புதன்கிழமை முகூர்த்த நாள் வேறு. ஊரில் எத்தனை பேருக்குப் பொண்ணு பார்க்க நானே கூடப் போயிருக்கிறேன். சந்தேகம் கண்ணை மறைத்திருந்தது.

சென்னகிருஷ்ணன் காதில் போய்ச் சொன்னேன். "மிதுன எறக்குங்க சார். நான் சொன்னது பொய்யிங்க. மத்தது அப்பறம் சொல்றேன்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைத் தூக்கி மிதுனைக் கூப்பிட்டார்.

நான் என் நடு நாற்காலிக்குப் போனேன். நாற்பது பேரில் ஒருத்தரிடமும் விஷயத்தைச் சொல்ல முடியாது. தெரிந்துவிட்டால் தலைகள் சரியாகத் திரும்பாது.

மிதுன் இரண்டு விரல் காட்டினான். பொய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முகவாயை இடது கோடிக்கு வெட்டினேன். வரிசை முழுக்கத் திரும்பியது. சஹீரின் ஆட்கள் அங்கே போய் நின்றார்கள். பந்து வலது கோடியில் ஆரிஃபுக்குப் போனது, எதிரே ஒரு கைகூட இல்லை.

"பாத்தீங்களா," என்று அரங்கசாமி என் தொடையில் தட்டினார். "காட்டறது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணு. நீங்க சொன்னது செரிதானுங்க."

"பாயிண்ட்டு நமக்குத்தான வந்துது?"

"இப்பக் குடுப்பான். கடைசில வெச்சு உட்டுருவான் பாருங்க."

இருபத்தைந்துக்குப் பதினேழு என்று அந்த செட்டை எடுத்தோம். புள்ளி ஏற ஏற எங்கள் வரிசையில் முணுமுணுப்பும் ஏறியது. விரலையும் பந்தையும் ஒப்பிட்டுப் பார்க்க நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன். மீரான் ஒருத்தர் மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து புள்ளிக்கு ஆடுகிற மூன்றாவது, கடைசி செட்டின் பாதியில் சஹீருக்குப் பிடிபட்டுவிட்டது. எங்களைப் பார்ப்பதை நிறுத்தி, பந்தைப் பார்த்து ஆட ஆரம்பித்தான். பதினைந்துக்குப் பதின்மூன்றில் தோற்றோம்.

"வித்துப்போட்டான்," என்றார் அரங்கசாமி, மிதுனுக்குக் கேட்கிற மாதிரியே.

சென்னைக்காரர் நோட்டோடு சென்னகிருஷ்ணனிடம் வந்தார். நாங்களும் சுற்றி நின்றோம்.

"அந்த செட்டர் பையன் பிரமாதம். முதல் செட்டும் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க. ஏன் வெளிய உட்கார வெச்சீங்க? அடி ஏதும் படலேங்கிறான். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அப்படிப்பட்டவங்க பேரை நான் எழுதறதில்லை."

சென்னகிருஷ்ணன் பொய் பேசத் தெரியாதவர். எங்கள் பக்கம் திரும்பினார். மிதுன் வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

"சார், அது வந்துங்க..." என்று அரங்கசாமி முன்னால் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பையன் மேல ஒண்ணுமில்லீங்க சார்," என்றேன். "இவன் காட்டற விரலை மூணு மேட்ச்சா அந்தியூர்க்காரங்களுக்குக் காட்டிக் குடுத்தது நானுங்க. தலையத் திருப்பித் திருப்பியே காட்டிக் குடுத்திருக்கறேன். பழிய இவன் மேல போட்டு வெளிய உக்கார வெச்சதும் நாந்தானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மிதுன் பக்கம் திரும்பினார். "முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்லு தம்பி." பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பேக்கரி ஆட்கள் நாற்காலிகளைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வாரமாக மிதுனைப் பார்த்த அதே பார்வை. அரங்கசாமி தன் கையை என் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

"ஏனுங்க," என்றார் நிதானமாக, "அந்தியூர்ல உங்குளுக்கு ஆரையாச்சும் தெரியுமுங்களா?"