ஆவி பிடித்த கதை

என் மனைவி வெரோனிக்கா ஆவி பிடிக்கிறாள் என்று காப்புறுதிக் கம்பெனி முடிவு கட்டிவிட்டது. கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள். பாதிரியார் காதில் அரைகுறையாக விழுந்திருந்தால் தீர்த்தத்தோடு வீட்டுக்கே வந்திருப்பார்.

அவளுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் நெபுலைசர் எழுதிக் கொடுத்தார். மருந்தைப் புகைபோலாக்கி முகமூடி வழியாக நெஞ்சுக்குள் அனுப்பும் சின்ன மெஷின். வாடகை மெஷின்தான். வாடகையையும் மருந்துச் செலவையும் காப்புறுதிக் கம்பெனி கட்டும். கட்டாவிட்டால் மெஷின் கடைக்குத் திரும்பும், இவள் மூச்சு முட்டும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கம்பெனியிலிருந்து அதிரா என்ற தமிழ்ப் பெண் போன் செய்து விசாரித்தாள்.

"வீட்டுல என்ன ட்ரீட்மெண்ட் எடுக்கிறீங்க, ஆன்ட்டி?"

"ஆவி புடிக்கிறேம்மா."

எங்கள் வீட்டில் அந்த மெஷினுக்கு அதுதான் பெயர். அதிரா ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள்: வெந்நீர் ஆவி, வீட்டு வைத்தியம். வீட்டு வைத்தியத்துக்குக் கம்பெனி பணம் கட்டாது. கிளெய்ம் தள்ளுபடி.

மறுநாளே ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் ஏறி பீச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கம்பெனி ஆபீசில் அதிராவின் மேசை முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு உருப்படியாக வேலை செய்யும் ஒரே உறுப்பு வாய். அதை நம்பித்தான் போனேன்.

"ஆன்ட்டிதானே அப்படிச் சொன்னாங்க, அங்கிள். ரெக்கார்டிங் இருக்கு லா."

"ஏம்மா, நான் தண்ணியடிக்கப் போறேன்னு சொன்னா கைப்பம்புக்கா கிளெய்ம் எழுதுவ?"

சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான்.

"டாக்டர் எழுதுனது ஒன்னு, பேஷண்ட் சொன்னது ஒன்னு. அதான் இடிக்குது. நான் ரிவ்யூ போடுறேன். ஆன்ட்டிய மறுபடி கூப்பிடுவேன், சரியா சொல்லச் சொல்லுங்க."

வீட்டில் பாடம் தொடங்கியது. வெரோனிக்கா கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, நான் பெண் குரலில் கேள்வி கேட்டேன்.

"அந்தப் புள்ள கொரலு இப்படிக் கழுத கத்துற மாதிரியா இருந்துச்சி?" என்றாள்.

"பதில் சொல்லுடி!"

"நெபுலைசர். போதுமா?"

போன் வந்தபோது ஸ்பீக்கரில் போட்டேன். நெபுலைசர் என்றாள். மருந்தின் பெயரைக்கூட நாக்கு இடறாமல் சொன்னாள். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"இப்ப எப்படி இருக்கீங்க, ஆன்ட்டி?"

"நல்லா இருக்கேம்மா. நீ நல்லா இருக்கியா?"

அப்படிச் சொல்லாதே என்று இரண்டு கையையும் ஆட்டினேன். விசாரித்தது போதவில்லை என்று நான் ஜாடை காட்டுவதாக நினைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியாம்மா? அம்மால்லாம் சொகமா?"

போனைப் பிடுங்கினேன். "அதிரா, அவ மரியாதைக்குச் சொல்றாம்மா! குளிச்சிட்டு வந்து கட்டில்ல உட்கார்றதுக்குள்ள அவளுக்கு உயிர் போய் உயிர் வருது!"

அதிரா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்குப் புரியுது, அங்கிள். ஆனா அந்தக் கேள்விக்கு பேஷண்டோட வாய்தான் கணக்கு. உங்க வாயி இல்ல."

நோயாளி நலமாக இருக்கிறார், வீட்டுச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று பதில் வந்தது. மெஷினை வாடகைக்குக் கொடுத்த செபராங் ஜெயா கடையிலிருந்து ஷஃபீக் என்ற பையன் வந்து அதைப் பெட்டியில் வைத்தான். எங்கள் முகத்தைப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போனான்.

"நான் என்னதான் சொல்லியிருக்கணும்?" என்று கேட்டாள்.

"சாகப் போறேன்னு சொல்லியிருக்கணும்."

"மூஞ்சிகூடப் பார்க்காத புள்ளகிட்டயா? அது பயந்துறாது?"

அவள் முகம் வாடிப்போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கவலப்படாத. நீ செத்தப்புறம் போன் வந்தாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ. கம்பெனி சாவுக் காசும் தராது."

சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் விசிலாகியது. கை தானாக மேசை ஓரத்துக்குப் போய்த் துழாவியது. அங்கே வெறும் பிளக் பாயிண்ட்தான் இருந்தது.

போனில் வாடகைக் காரை அழைத்தேன். செருப்பை நானே மாட்டிவிட்டேன். லிப்டில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தாள்.

"பேசாத," என்றேன். "நான் பேசிக்கிறேன்."

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.