கோட்டைக்கு மேலே என் மகள்

மலை உச்சியில் இவ்வளவு பெரிய மைதானம் விரிந்து கிடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பீடபூமி என்று படித்தது இதைத்தான் போலிருக்கிறது. ஒரு பக்கம் பழைய கோட்டை. எந்தப் படையும் இதைப் பிடித்ததில்லை என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். மறுபக்கம் பள்ளத்தாக்கு. அந்த விளிம்பிலிருந்துதான் என் மகள் பாராசூட் மாதிரி விரியும் பாராகிளைடரில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பறக்கப்போகிறாள். உரிமம் வாங்கி, வேலையில் சேர்ந்து, இன்றுதான் முதல் நாள். நான் கோட்டை பார்க்க வந்ததாகப் பேர்.

வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். நான் பார்த்த பார்வைக்கு அவர்கள் சாம்பலாகியிருக்க வேண்டும். மதியமாகியும் அவளோடு ஒருவரும் பறக்கவில்லை.

முதலாளி வந்தார். "இன்னைக்கு ஒருத்தராவது உன்கூட வரலைன்னா, நாளையிலேருந்து டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்துடும்மா. எனக்கும் பொழப்பு நடக்கணும்ல."

அவள் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒருத்தர்னுதானே சொன்னீங்க? நான் வரேன்."

"அம்மா, நீ ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டவே பயப்படுவே."

"வாயடிக்காம கட்டு."

நான் தையல்காரி. இடுப்புப் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு நூல் பிசிறில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது எரிச்சலாக இருந்தது.

"நான் சொல்ற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கணும். விளிம்பைப் பாத்து நடுவுல உக்காந்துட்டா ரெண்டு பேரும் உருளுவோம்," என்றாள். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடினேன். முழங்கால் வலி, மானம், மரியாதை எதையும் பார்க்காமல் ஓடினேன்.

"அம்மா, போதும். கீழ பாரு."

கண்ணைத் திறந்தேன். வட்டமடித்து மேலேறியிருந்தாள்; கோட்டை காலடியில் கிடந்தது. நான் இன்னும் வெறுங்காற்றில் ஓடிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் சிரித்தாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால், எந்தப் படையும் ஏறாத கோட்டைக்கு மேல் என் பெண் என்னைக் கொண்டுபோகிறாள் என்ற பெருமை நெஞ்சில் கொள்ளவில்லை.

புறப்பட்ட இடத்திலேயே பூப்போல இறக்கினாள். அங்கே கூட்டம் கூடியிருந்தது. காலையில் ஆம்பளை தேடிய ஒருவர் முன்னால் வந்து, "அடுத்து நான் போகலாமா?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். டிக்கெட் கவுன்ட்டரில் முதலாளியே ஓடிப்போய் உட்கார்ந்தார்.

நான் அந்த மனிதரின் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "அவ சொல்ற வரைக்கும் ஓடணும். நடுவுல உக்காந்தீங்க, நான் சும்மா விடமாட்டேன்."